ஏஐ கூட இங்கிலீஷ் பேசிப் பழகுறேன், யோசிக்கும்போதே குறுக்கே பேசுது. என்ன செய்யலாம்?

ஆம்பூர்_சாம்பிள்ரூம்
ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் (ஆர்டரைப் பார்த்துக்கிற) வேலை. மெயில் எழுத வரும், பையர் (சரக்கு வாங்குறவர்) வீடியோ காலில் வந்தா வாய் ஒட்டிக்குது. ஏஐ ஆப்ல தினம் அரை மணி பேசுறேன். யோசிக்க ரெண்டு செகண்ட் நின்னா அது ஆரம்பிச்சிடுது. தப்பாப் பேசினாலும் 'வெரி குட்'. உச்சரிப்பு கேட்டாலும் 'வெரி குட்'. எப்படிப் பழகணும்?

காட்பாடி_ஜங்ஷன்
நீங்க நிறுத்தினதும் பேசி முடிச்சாச்சுன்னு அது எடுத்துக்குது, அவ்வளவுதான். 'பொறுமையா கேளு'ன்னு சொன்னாலும் பெரும்பாலும் எடுபடாது. முதல் ரெண்டு வாரம் லைவ் வாய்ஸ் (போன்ல பேசுற மாதிரி நேரடியா பேசுறது) வேணாம். டைப் பண்ற கட்டத்துல இருக்கிற மைக்கை அழுத்திப் பேசுங்க. நீங்க அனுப்புற வரைக்கும் அது வாயைத் திறக்காது. அப்புறம் லைவுக்கு வந்து, இடைவெளியை 'லெட் மீ செக்', 'வெல், த திங் ஈஸ்'னு நிரப்பிப் பழகுங்க. பையர் காலிலும் அதேதான் கை கொடுக்கும்.

ஃபேன் சத்தமும் குழப்பும். வேலூர் வெயில்ல ஃபேனை நிறுத்துங்கன்னு சொல்ல மனசு வரல, அதனால வயர் ஹெட்செட் போடுங்க. ப்ளூடூத்ல மைக் ஓடும்போது பல செட்டுல ஒலித்தரம் இறங்கிடும்.

பாலாற்று_மணல்
பொதுவா 'இங்கிலீஷ் பேசலாம் வா'ன்னா அது உபசாரம்தான் பண்ணும். வேலையைப் பிரிச்சுக் கொடுங்க. தமிழ்லயே எழுதலாம்:

'நீ ஜெர்மனி பையர். 1,200 ஜோடி ஆர்டர், 40 ஜோடியில சோல் ஒட்டு விட்டிருக்கு. கோபமா இரு. ஒரு தடவைக்கு ஒரே கேள்வி, ரெண்டு வரிக்கு மேல பேசாதே. நடுவுல திருத்தாதே, பாராட்டாதே. நான் ஸ்டாப் சொன்னதும் என் மூணு பெரிய தப்பை மட்டும் சொல்லு: நான் சொன்ன வாக்கியம், அடுத்து சரியான வாக்கியம்.'

மூணுதான். இருபது தப்பைக் காட்டினா மறுநாள் ஆப்பையே திறக்க மாட்டீங்க. 'வீ ஹேவ்'னு சொல்ற இடத்துல 'வீ ஆர் ஹேவிங் டூ சாம்பிள்ஸ்'னு சொல்ற மாதிரி நம்ம ஊர்ப் பழக்கமெல்லாம் இதுல சிக்கும். அடுத்து, அதே விஷயத்தை முதல்ல 4 நிமிஷம், அப்புறம் 3, அப்புறம் 2 நிமிஷத்துல சொல்லுங்க. தினம் புது தலைப்பு எடுக்கிறதை விட இதுல வேகம் வரும். பையர் பேர், விலை மட்டும் நிஜத்தைக் கொடுக்காதீங்க.

ஆம்பூர்_சாம்பிள்ரூம்
நன்றிங்க. உச்சரிப்புக்கு?

குடியாத்தம்_தறி
அதுக்கு ஏஐ தீர்ப்பை நம்பாதீங்க. முன்பின் வார்த்தையை வெச்சு ஊகிச்சிடும். 'பேக்டரி'ன்னு சொன்னாலும் ஃபேக்டரின்னு புரிஞ்சிக்கும், மனுஷனுக்குத்தான் இடறும். ஊகிக்க இடம் தராம சோதிங்க. கீபோர்ட் மைக்ல மொழியை இந்திய இங்கிலீஷ்ல வெச்சு, ஒத்தை வார்த்தையா சொல்லுங்க: ஃபைல், பைல் (குவியல்). ஷீட், சீட் (இருக்கை). ஒவ்வொண்ணும் பத்து தடவை. திரையில எத்தனை தடவை சரியா விழுதுன்னு எண்ணுங்க. ஏழுக்குக் கீழே போனா அந்த ஒலியில வேலை இருக்கு. 'ஃப'வுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடணும், ரெண்டு உதடும் ஒட்டினா 'ப' ஆயிடும்.

இன்னொண்ணு, முன்னாடி 'ய்', பின்னாடி 'உ' சேர்க்கிறது: 'யெக்ஸ்போர்ட்டு', 'பேக்கு' (பேக் பண்றதுல வர்ற பேக்). கடைசி மெய்யை அடுத்த வார்த்தையோட ஒட்டிச் சொன்னா 'உ' தானா உதிரும்: 'பேக் இட்' இல்ல, 'பேக்கிட்'. இதெல்லாம் எழுத்துல தெரியாது, ஃபோன் ரெக்கார்டர்ல 1 நிமிஷம் பதிஞ்சு கேளுங்க. முதல் தடவை சொந்தக் குரல் சகிக்காது, பரவாயில்ல.

காட்பாடி_ஜங்ஷன்
ஒண்ணு விட்டுட்டேன்: நடுவுல அது தமிழுக்குத் தாவினா, செட்டிங்ஸ்ல பேச்சு மொழி 'ஆட்டோ'ன்னு இருக்கலாம். அதை இங்கிலீஷ்னு மாத்தி வைங்க.