ஒளிக்கூம்பு கண்ணுக்குத் தெரியவில்லை, என்ன குறை?

கேள்வி: கலைஞர் ஆந்தனி மெக்கால் 1973இல் இருட்டறையில் புரொஜெக்டர் ஒளியால் செய்தது போன்ற ஒளிக்கூம்பை 9 மீட்டர் அறையில் முயல்கிறோம். சுவரில் வட்டம் பளிச்சென்று விழுகிறது. நடுவில் கூம்பையே காணோம். ஃபாக் மெஷினும் ஓடுகிறது.

பதில் 1: எங்கே நிற்கிறீர்கள்? சுவர்ப் பக்கம் போய் புரொஜெக்டரை நோக்கித் திரும்புங்கள். புகையின் நுண்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். புரொஜெக்டருக்குப் பின்னால் நின்றால் மங்கல்தான். திரைக்கு முதுகு காட்ட வைப்பதுதானே அந்தப் படைப்பின் சங்கதி!

பதில் 2: ஃபாக் மெஷின்தான் வினை. திட்டுத்திட்டாகக் கக்கும். ஹேஸர் (மெல்லிய புகையைச் சீராகப் பரப்பும் கருவி) வையுங்கள், அரை மணி முன்பே ஓடவிடுங்கள். ஏசி காற்று கற்றைமேல் அடிக்கக் கூடாது. புகை உணரி இருக்கிறதா? கட்டடப் பொறுப்பாளரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்: திரும்பி நின்றதும் தெரிகிறது! ஆனால் கூம்புக்குள்ளே சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது.

பதில் 1: எல்சிடி புரொஜெக்டரா? அதில் கருப்பிலும் ஒளி கசியும். கான்ட்ராஸ்ட் அதிகமுள்ளதாக மாற்றுங்கள். சுவர் வெள்ளை என்றால் கருப்படியுங்கள்.