வீட்டுக் குழு: தட்டு ஏன் இடப்பக்கம் சாய்கிறது?

கதிர்: (வீடியோ)

கதிர்: அத்தை, இதைப் பாருங்க. நேராகத்தான் வீசுகிறேன். இந்தப் பறக்கும் தட்டு (ஃபிரிஸ்பீ) பாதி தூரம் ஒழுங்காகப் போகிறது, கடைசியில் இடப்பக்கம் சரிந்து விழுகிறது. எப்போதும் இடப்பக்கம்தான்.

நிலா: காற்று அடித்திருக்கும்.

கதிர்: காற்றே இல்லை. எதிர்ப்பக்கம் போய் நின்று வீசினாலும் அதே கதை.

சித்தப்பா: சுழற்சி குறையக் குறையத் தூக்கும் சக்தி போய்விடும். ஹெலிகாப்டர் மாதிரிதானே?

அத்தை: இல்லை தம்பி. இந்தத் தட்டைத் தூக்குவது சுழற்சி இல்லை, முன்னால் பாயும் வேகம். முன்விளிம்பு கொஞ்சம் உயர்ந்திருக்கும்போது, எதிரே வரும் காற்றைத் தட்டு கீழே தள்ளுகிறது, காற்று தட்டை மேலே தள்ளுகிறது. குவிந்த மேல்பக்கத்தில் காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தமும் குறைவு. விமான இறக்கை செய்கிற அதே வேலை.

சித்தப்பா: அப்படியென்றால் சுழற்றவே வேண்டாமே அக்கா?

அத்தை: கதிர், மணிக்கட்டைச் சுண்டாமல் இரண்டு கையாலும் நேராகத் தள்ளிவிடு. என்ன ஆகிறது என்று சொல்.

கதிர்: முன்பக்கம் மேலே எழும்பிக் குட்டிக்கரணம் அடித்து அங்கேயே விழுந்துவிட்டது!

அத்தை: அதேதான். தூக்குவிசை தட்டின் நடுவில் விழுவதில்லை, நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறது. அதனால் முன்விளிம்பு மேலே மேலே எழும்பப் பார்க்கும். சுழலாத தட்டு அப்படியே புரண்டுவிடும். சுழல்கிற தட்டு பம்பரம் போல, தள்ளிய பக்கம் சாயாது. கால் சுற்று தள்ளி, பக்கவாட்டில்தான் மெல்லச் சாயும்.

அத்தை: இதில்தான் உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நீ வலது கையால் உடம்புக்குக் குறுக்கே வீசுகிறாய். மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் போகும் திசையில் சுழலும். அப்போது முன்விளிம்பைத் தூக்கும் விசை, இடப்பக்கச் சாய்வாக மாறுகிறது. வேகமாகப் போகும் வரை சாய்வு தெரியாது. வேகம் குறைந்து தட்டு கீழிறங்கத் தொடங்கினால் காற்று இன்னும் அடியிலிருந்து வந்து மோதும், முன்விளிம்பு இன்னும் எழும்பப் பார்க்கும். அந்த இடத்தில்தான் உன் தட்டு இடப்பக்கம் திரும்புகிறது.

கதிர்: அப்போ என்ன செய்யணும்?

அத்தை: கையை ஓங்கி வீசினால் மட்டும் போதாது, மணிக்கட்டை நன்றாகச் சுண்டு. சுழற்சி இரண்டு மடங்கானால், அதே விசைக்குச் சாயும் வேகம் பாதியாகும்.

அத்தை: தட்டைக் கவிழ்த்து விளிம்பைத் தடவிப் பார். நடு மெல்லியது, விளிம்பு தடிமன். அது பிடித்துக்கொள்வதற்கு மட்டும் இல்லை. ஒரே எடை முழுவதும் விளிம்பில் இருந்தால், தட்டு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதைவிட நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சியை மாற்ற விடாமல் எதிர்க்கும் தன்மை, இரண்டு மடங்கு. எனக்கு இந்தப் பொம்மையில் மிகவும் பிடித்தது இந்த விளிம்புதான்.

நிலா: மேலே கோடு கோடாக வட்டம் இருக்கே, அது அழகுக்கா?

அத்தை: இல்லைடா. எட் ஹெட்ரிக் என்பவர் சேர்த்தது, 1967இல் காப்புரிமை கிடைத்தது. அந்த மேடுகள் பரப்பை ஒட்டி ஓடும் காற்றைக் கொஞ்சம் கலைத்துவிடும். கலைந்த காற்று சீக்கிரம் பிரிந்து போகாமல் ஒட்டியே ஓடும்.

தாத்தா: குச்சியின் மேல் இறக்கை வைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிவிட்டால் மேலே போகுமே, அதுவும் இப்படித்தானா அம்மா?

அத்தை: அது வேறுப்பா. அதில் சுழற்சியேதான் தூக்குகிறது. இறக்கைகள் சாய்வாக இருப்பதால் சுற்றும்போதே காற்றைக் கீழே தள்ளும். தம்பி சொன்ன ஹெலிகாப்டர் கணக்கு அதற்குச் சரி. ரைட் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது, 1878இல், அவர்கள் அப்பா ரப்பர் முறுக்கில் பறக்கும் அப்படி ஒரு பொம்மையைத்தான் வாங்கி வந்தார். பறப்பதில் ஆர்வம் வந்ததே அதிலிருந்துதான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

சித்தப்பா: நடுவில் ஒன்றுமே இல்லாத வளையம் ஒன்று வருமே, அது தட்டைவிடத் தூரம் போகிறதே அக்கா.

அத்தை: ஏரோபீ. ஆலன் ஆட்லர் வடிவமைத்தது. மெல்லியதாக இருப்பதால் காற்றுத் தடை மிகக் குறைவு. ஆனால் வளையத்தின் முன்பாதி கீழே தள்ளிய காற்றில்தான் பின்பாதி பறந்தாக வேண்டும், அதனால் பின்பாதிக்குத் தூக்கு குறையும், முன்பக்கம் எழும்பும். அதைச் சரிக்கட்ட வெளிவிளிம்பைச் சுற்றிச் சின்ன உதடு போல ஒன்றை உயர்த்திவிட்டார். முன்பாதியும் பின்பாதியும் சமமாகத் தூக்க, வளையம் சாயாமல் நேராகப் போகிறது. 2003இல் எரின் ஹெமிங்ஸ் அதை 406 மீட்டர் வீசினார்!

கதிர்: 406ஆ!!

கதிர்: அத்தை, நன்றாகச் சுண்டி வீசினேன். இப்போது ரொம்ப தூரம் நேராகப் போகிறது. கடைசியில் மட்டும் லேசாகத் திரும்புகிறது.

நிலா: நான் இடது கைக்காரி. எனக்கு வலப்பக்கம் திரும்புமா?

அத்தை: திரும்ப வேண்டும். சுழற்சி எதிர்த்திசை, சாய்வும் எதிர்த்திசை. வீசிப் பார்த்து வீடியோ அனுப்பு.

நிலா: சரி. கதிர், தட்டைக் கொடு.