பழைய லேப்டாப்பில் பாஸ்வேர்ட் மறந்துபோனால்: எங்கள் அனுபவங்கள்

அலமாரியில் கிடந்த பழைய லேப்டாப்பைப் போன மாதம் வெளியே எடுத்தேன். விண்டோஸ் 7 போட்டது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் காப்பி இல்லை. சார்ஜரைச் சொருகியதும் உயிர் வந்தது, என் பெயரும் வந்தது. ஆனால் பாஸ்வேர்ட் மட்டும் என்ன யோசித்தும் பிடிபடவில்லை.

கேட்டவர்களில் பலர் "ஃபார்மேட் பண்ணிவிட்டு வேறு விண்டோஸ் போட்டுக்கொள்" என்றார்கள். எனக்கு வேண்டியது லேப்டாப்பா, உள்ளே இருப்பதா? தயவுசெய்து அந்த யோசனைக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

விண்டோஸ் பாஸ்வேர்ட் என்பது வாசல் கதவுக்குப் போட்ட பூட்டுதான். டிஸ்க் என்க்ரிப்ட் ஆகாமல், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்படாமல் இருந்தால், விண்டோஸைத் தொடாமலே உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டுவை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய, லினக்ஸ் வகை இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) டவுன்லோட் செய்து, பென் டிரைவிலிருந்தே பூட் ஆகும்படி, அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்படி ஏற்றிக்கொண்டேன். லேப்டாப்பை ஆன் செய்த கையோடு எஃப்12-ஐத் தட்டியதும் பூட் மெனு வந்தது. சில மாடல்களில் அது எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். உபுண்டு வந்ததும் 'இன்ஸ்டால்' பக்கமே போகக் கூடாது. 'ட்ரை உபுண்டு' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது டிஸ்க்கில் எதையும் அழிக்காது.

பழைய மெஷின், மெதுவாகத்தான் வந்தது. ஃபைல் மேனேஜரின் இடப்பக்கம் ஹார்ட் டிஸ்க் தெரிந்தது. 'யூசர்ஸ்', அதற்குள் என் பெயர், அதற்குள் 'பிக்சர்ஸ்'. முதலில் வெறும் சாம்பல் கட்டங்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டமாக முகம் வர ஆரம்பித்தது. மகளுக்குப் பல் முளைக்காத சிரிப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகி அத்தனையையும் காப்பி செய்தேன்.

ஒரு விஷயம்: விண்டோஸை முழுதாக அணைக்காமல் ஹைபர்னேட் ஆன (உறங்கும்) நிலையில் விட்டிருந்தால் டிஸ்க் 'படிக்க மட்டும்' என்றே திறக்கலாம். பரவாயில்லை, காப்பி எடுக்க அது போதும்.

பாஸ்வேர்டைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசித்தேன். விண்டோஸ் அதை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட, திருப்பிப் படிக்க முடியாத ஒரு குறியீட்டை (ஹாஷ்) மட்டும் 'சாம்' என்ற ஃபைலில் வைத்திருக்கிறது. அதனால் பழைய பாஸ்வேர்டை அங்கே போய்ப் படிக்க முடியாது, வெறுமையாக்கத்தான் முடியும். அதற்கென்று இருக்கும் லினக்ஸ் கருவி ஒன்றால் வெறுமையாக்கி உள்ளே போனேன். அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை: ஃபைல்களை விண்டோஸின் என்க்ரிப்ஷனில் வைத்திருந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது. அவற்றின் சாவி அந்தப் பழைய பாஸ்வேர்டோடு கட்டுண்டது. வெறுமையாக்கினால் ஃபைல்கள் திறக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களும் போய்விடலாம். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால், உள்ளே போன பிறகும் நெட்டில் இணைக்கவில்லை.

*

மேலே சொன்னது பழைய மெஷினுக்குச் சரி. என்னுடையது விண்டோஸ் 10, மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்வது. உபுண்டுவில் டிஸ்க்கைத் திறக்கப் போனால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) சாவி கேட்டது. 48 இலக்கங்கள்! கைபேசியிலிருந்து அதே மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய்ப் பார்த்தால், அந்தச் சாவி அங்கேயே சேமிக்கப்பட்டிருந்தது. கணக்கின் பாஸ்வேர்டையும் அங்கேயே மாற்றிவிட்டேன்.

மாற்றிய பிறகும் லேப்டாப் புதிய பாஸ்வேர்டை ஏற்கவில்லை. அது நெட்டில் இணைந்து சரிபார்த்தால்தான் ஏற்கும். லாகின் திரையிலேயே வைஃபை போட்டும் பலனில்லை. கடைசியில் பார்த்தால், மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதி தப்பானால் பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய்த் தேதியைத் திருத்தினேன், அடுத்த முறையே திறந்துகொண்டது. பழைய லேப்டாப்பில் புதிய பாஸ்வேர்டும் செல்லவில்லையென்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

*

அக்காவின் லேப்டாப்பில் நடந்தது இது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அவர் நம்பிவிட்டார், ரொம்பவே வருத்தப்பட்டார். பாஸ்வேர்ட் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் அடையாளத்தை அழுத்தி, தட்டியதைப் பார்த்தோம். ஒரு எழுத்து விழவே இல்லை. கீபோர்டில் அந்தச் சாவி செத்துப்போயிருந்தது. அவருக்குப் பாஸ்வேர்ட் நன்றாகவே நினைவிருந்தது. லாகின் திரையின் மூலையில் உள்ள வசதியில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து, மவுஸால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. யுஎஸ்பி கீபோர்ட் ஒன்று இருந்தால் அதையும் சொருகிப் பார்க்கலாம். உபுண்டு, ரீசெட் என்று இறங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான்.