மெத்தை ப்ரொடெக்டர்: எத்தனை தடவை துவைத்தும் வாடை போகவில்லை, அடிப்பக்கம் கொப்புளம் வேறு

இரவுக்காவல்:

வணக்கம். அப்பாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. ஒரு வருடமாக இரவில் சிறுநீர் கட்டுப்படுவதில்லை. மெத்தை மேல் வாட்டர்ப்ரூஃப் ப்ரொடெக்டர் போட்டிருக்கிறோம். மேல்பக்கம் டவல் மாதிரி துணி, அடிப்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம், சுற்றிலும் எலாஸ்டிக். இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன். பழையது ஒரு வருடமாக ஓடுகிறது, புதியது வந்து இரண்டு மாதம்.

சிக்கல் இதுதான். துவைத்துக் காய்ந்ததும் முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. அப்பா படுத்து ஒரு மணி நேரத்தில் மூத்திர வாடை மெல்ல எழும்பிவிடும். பழையதன் அடிப்பக்கம் தோசைக்கல்லில் மாவு எழும்புவது போலக் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. சில இடத்தில் படலம் துணியை விட்டே கழன்று வருகிறது. அப்பா புரண்டு படுத்தால் மொடமொடவென்று சத்தம். இது போதாதென்று ஸ்பின் ஓடும்போது மெஷின் தடதடவென்று ஆடி, நின்ற இடத்தை விட்டு ஒரு சாண் நகர்ந்துவிடுகிறது.

நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். கிருமி சாகட்டும் என்று 90 டிகிரி, சலவைத்தூள் இரண்டு பங்கு, ஒரு மூடி பிளீச், கடைசி அலசலில் வாசனைக்காக சாஃப்ட்னர். ஈரமாக இருக்கும் ப்ரொடெக்டர் மேல்தான் பிளீச்சை ஊற்றுவேன். ஊற்றியதும் கண் எரியும், தொண்டை கரகரக்கும். அது பிளீச்சின் குணம் என்று விட்டுவிட்டேன். எங்கே தப்பு செய்கிறேன்?

வெயில்பிரியை:

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு கவலை? வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றுங்கள், நன்றாகப் பொங்கும். அரை மணி கழித்து அலசி, உச்சி வெயிலில் ஒரு நாள் முழுக்கப் போடுங்கள். எந்த வாடையும் நிற்காது.

சலவைக்கணக்கு:

வெயில்பிரியை அம்மாவுக்குப் பிறகு பதில் சொல்கிறேன். முதலில் அந்தக் கண் எரிச்சல்.

சிறுநீரில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா உடைத்தால் அம்மோனியா வரும். குளோரின் பிளீச் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற வாயு கிளம்பும். உங்கள் கண்ணையும் தொண்டையையும் பிடித்தது பெரும்பாலும் அதுதான். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் இது விளையாட்டில்லை. இன்றோடு பிளீச்சை நிறுத்துங்கள். பிளீச் இருக்கும் இடத்தில் வினிகரையும் கொண்டு வராதீர்கள், அப்போது வருவது குளோரின் வாயு.

இனி வினிகர், சோடா. அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒன்று அமிலம், மற்றொன்று காரம். கலந்தால் பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. பொங்கி முடிந்ததும் மிச்சம் இருப்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். பார்க்க வேலை நடப்பது போல இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துப் போட்டுவிட்டிருக்கும். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் பலன் உண்டு.

வாடை காய்ந்தால் மறைந்து, படுத்தால் எழும்புவதற்குக் காரணம் யூரிக் அமிலப் படிகங்கள். தண்ணீரில் எளிதில் கரையாது, துணியில் ஒட்டிக் கிடக்கும். உடல் சூடும் வியர்வை ஈரமும் பட்டால் மறுபடி நாற ஆரம்பிக்கும். இதற்கு என்சைம் (கறையைச் சிதைக்கும் ஒரு வகைப் புரதம்) உள்ள சலவை லிக்விட் வேண்டும். என்சைம் 30 முதல் 50 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும், 60-ஐத் தாண்டினால் பலவும் செயலிழந்துவிடும். 90-ல் போட்டால் என்சைமைக் காசு கொடுத்து வாங்கி அவித்துவிடுகிறீர்கள். இரத்தக்கறை, பால்கறை இருந்தால் இன்னும் மோசம்: சூட்டில் அந்தப் புரதமும் முட்டை மாதிரி வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எப்போதும் முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்.

கொப்புளமும் அந்த 90 செய்த வேலைதான். அந்தப் படலம் பெரும்பாலும் பாலியூரித்தேன். துணியோடு ஒட்டவைத்தது சூட்டில் விட்டுப்போகிறது. ப்ரொடெக்டர் ஓரத்தில் ஒரு வெள்ளை லேபிள் தைத்திருக்கும். அதில் என்னென்ன படம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இரவுக்காவல்:

பிளீச் விஷயம் பயமுறுத்திவிட்டது சார். நிறுத்திவிட்டேன். பழையதில் லேபிள் வெளுத்துப் போய்விட்டது. புதியதில் இருக்கிறது: வாளி மாதிரி ஒரு படம், உள்ளே 40, அடியில் ஒரு கோடு. முக்கோணம், மேலே பெருக்கல் குறி. சதுரத்துக்குள் வட்டம், நடுவில் ஒரே ஒரு புள்ளி. இஸ்திரிப்பெட்டி, அதற்கும் பெருக்கல் குறி.

சலவைக்கணக்கு:

அப்படியானால் 40 டிகிரிக்கு மேல் கூடாது, மென்மையான ஓட்டம் (அந்த ஒரு கோடு அதுதான்), பிளீச் கூடாது, டிரையர் என்றால் குறைந்த சூடு மட்டும், இஸ்திரி கூடாது. சாஃப்ட்னருக்குப் படம் கிடையாது, ஆனால் அதையும் விடுங்கள். நூல் மேல் வழவழப்பாகப் படிந்து, துணி ஈரத்தை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். உறிஞ்சாவிட்டால் சிறுநீர் மேலேயே ஓடி ஓரத்தில் இறங்கும். இரண்டு பங்கு தூளும் வேண்டாம், அலசி முடியாமல் தங்கும் சோப்பு அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஒரு அலசல் கூடுதலாக விடுங்கள்.

நட்டுபோல்ட்டு:

மெஷின் ஆடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா?

இரவுக்காவல்:

டாப் லோடு. ப்ரொடெக்டரோடு மேல் விரிப்பு, லுங்கி எல்லாம் சேர்த்துத்தான் போடுவேன்.

நட்டுபோல்ட்டு:

அங்கேதான் கோளாறு. சாதாரணத் துணியில் ஸ்பின் சுற்றினால் தண்ணீர் துணியைத் தாண்டி வெளியே போய்விடும். ப்ரொடெக்டரின் படலம் தண்ணீரை விடாது. தொட்டிக்குள் மடிந்து பை மாதிரி ஆகி, இரண்டு மூன்று லிட்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகம் ஏறும்போது அந்தப் பை ஒரு பக்கமாகச் சரிந்தால், அவ்வளவு எடையும் ஒரே பக்கம். மெஷின் நடக்கத்தான் செய்யும். சஸ்பென்ஷன் கம்பி கழன்று தொட்டியே உடைந்த மெஷின்களை நான் கழற்றியிருக்கிறேன். 2016-ல் அமெரிக்காவில் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்பப் பெற்றார்கள். படுக்கை விரிப்பு, வாட்டர்ப்ரூஃப் துணி போன்றவற்றை மென்மையான, குறைந்த வேக ஓட்டத்தில்தான் போட வேண்டும் என்று அப்போது சொன்னார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ப்ரொடெக்டரைத் தனியாகப் போடுங்கள். சுருட்டிப் பந்தாக்காமல் தொட்டியைச் சுற்றித் தளர்வாக வையுங்கள். ஓட்டம் முடிந்து தண்ணீர் இறங்கியதும் ஸ்பின் தொடங்கும் முன் நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து கையை விடுங்கள். எங்கேயாவது தொப்பை மாதிரி தண்ணீர் தொங்கும். அதைத் தூக்கி வடித்துவிட்டு, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் ஸ்பின். மெஷின் வேகத்தைக் காட்டினால் நிமிடத்துக்கு 400, 600 சுற்று போதும். ஸ்பின்னே இல்லாமல் குளியலறைக் குழாயில் தொங்கவிட்டு வடியவிட்டாலும் எனக்குச் சம்மதம். முறுக்கிப் பிழிய மட்டும் செய்யாதீர்கள், படலம் கீறிவிடும்.

இரட்டையர்அம்மா:

எனக்கு இரண்டு பேர், இரண்டு கட்டில், நான்கு வருட அனுபவம். ஒன்று கேட்கிறேன் தம்பி: ப்ரொடெக்டரை எடுத்துவிட்டு மெத்தையை முகர்ந்து பார்த்தீர்களா? மூக்கை வைத்து, கையால் அழுத்தி?

நானும் ஆறு மாதம் ப்ரொடெக்டரையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் நாறியது மெத்தை. படலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை.

சோதிக்கும் வழி சுலபம். காய்ந்த ப்ரொடெக்டரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஊசிமுனைப் புள்ளிகள் மின்னினால் ஓட்டை. அப்புறம் தரையில் டிஷ்யூ பேப்பர் பரப்பி அதன் மேல் ப்ரொடெக்டரை விரித்து, அவர் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் விட்டு, உள்ளங்கையால் அழுத்துங்கள். சும்மா ஊற்றினால் தாங்கும் படலம் உடம்பு எடையில் கசியும், அதனால்தான் அழுத்தச் சொல்கிறேன். டிஷ்யூ நனைந்தால் விடை கொடுத்துவிடுங்கள். ஒட்டுப்போடப் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன், வீண்.

வெயில்பிரியை:

சோடா விஷயம் புரிந்தது, நன்றி. ஆனால் வெயிலையும் வேண்டாம் என்றால் எப்படி?

சலவைக்கணக்கு:

துணிப்பக்கம் வெயிலைப் பார்க்கட்டும் அம்மா, கொஞ்ச நேரம் போதும். படலத்தை மேலே காட்டி நாள் முழுக்கப் போட்டால் வெயிலிலுள்ள புற ஊதாக்கதிர் படலத்தை மொறுமொறுப்பாக்கி வெடிக்க வைக்கும். காற்றோட்டமான நிழல்தான் நல்லது. பாதி காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். துணி காய்ந்துவிட்டது என்று எடுத்தால் எலாஸ்டிக் தையலுக்குள் ஈரம் இருக்கும். அப்படியே மடித்து அலமாரியில் வைத்தால் பூசணம். ஈரமும் புழுக்கமும் பாலியூரித்தேனுக்கும் ஆகாது, நாளடைவில் பிசுபிசுத்து உரியும்.

தும்மல்ராணி:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தூசிப்பூச்சி அலர்ஜிக்கு 60 டிகிரியில் துவைக்கச் சொல்கிறார்களே, 40-ல் என்ன ஆகும்? அப்புறம் மெத்தை மேல் போடும் மெமரி ஃபோம் டாப்பரை மெஷினில் போடலாமா?

சலவைக்கணக்கு:

தூசிப்பூச்சி சாக 55 டிகிரிக்கு மேல் வேண்டும், உண்மைதான். 40-ல் பல தப்பித்துவிடும், ஆனால் அலர்ஜி தரும் கழிவில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். மேலே போடும் பருத்தி விரிப்பையும் தலையணை உறையையும் 60-ல் போடுங்கள். லேபிளில் 60 என்றே இருக்கும் ப்ரொடெக்டர்களும் உண்டு.

ஃபோம் டாப்பரை மெஷினில் போடவே கூடாது. குடித்த தண்ணீரின் எடையிலேயே கிழியும். மேல் உறையைக் கழற்றித் துவையுங்கள், ஃபோமை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

இரவுக்காவல்:

இரண்டையும் சோதித்தேன். பழையதை ஜன்னலில் பிடித்ததும் இடுப்புப் பக்கம் நட்சத்திரம் மாதிரி ஏழெட்டுப் புள்ளி. டிஷ்யூ ஐந்தே நிமிடத்தில் சொதசொதவென்று ஆகிவிட்டது. புதியது தப்பியது, ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்புறம் மெத்தையை முகர்ந்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை. பஞ்சு மெத்தை இல்லை, ஃபோம். என்ன செய்ய?

சலவைக்கணக்கு:

ஃபோம் என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே போனது வெளியே வர நாள் கணக்காகும். சிறுநீர் வாடைக்கென்றே விற்கும் என்சைம் ஸ்பிரேயைக் கறை பரவிய அளவுக்கு, ஓரம் கொஞ்சம் கூட்டி, ஈரமாக அடியுங்கள். மேலே மட்டும் அடித்துப் பயனில்லை, சிறுநீர் இறங்கிய ஆழத்துக்கு என்சைமும் இறங்க வேண்டும். டப்பாவில் சொன்ன நேரம் ஊறட்டும். பிறகு பழைய டவலை வைத்து, மேலே ஏறி நின்று ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி ஃபேன். முழுக்கக் காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தூவி ஒரு இரவு விட்டு, வேக்யூமால் இழுத்துவிடுங்கள். ஒரு தடவையில் போகாமல் இருக்கலாம்.

இரட்டையர்அம்மா:

ப்ரொடெக்டருக்கும் விரிப்புக்கும் நடுவே இடுப்புப் பக்கம் மட்டும் ஒரு சின்ன உறிஞ்சு பேட் போடுங்கள். இரவு இரண்டு மணிக்கு நனைந்தால் அதையும் விரிப்பையும் மாற்றினால் போதும், பெரியதை உரிக்க வேண்டியதில்லை. நனைந்த ப்ரொடெக்டரை விடியும்வரை கூடையில் போட்டு வைக்காமல் அப்போதே குழாயடியில் ஒரு அலசு அலசித் தொங்கவிடுங்கள். அம்மோனியா உருவாகவே நேரம் கொடுக்காதீர்கள்.

இரவுக்காவல்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மெத்தைக்கு என்சைம் இரண்டு தடவை தேவைப்பட்டது. முதல் தடவை காயும்போது வாடை இன்னும் கூடியது, பயந்துவிட்டேன். இரண்டாவதில் அடங்கியது. இப்போது மூக்கை வைத்து அழுத்தினால்தான் லேசாகத் தெரிகிறது. பழைய ப்ரொடெக்டரைத் தூக்கி எறியவில்லை, வெட்டிக் காருக்குள் விரித்திருக்கிறேன். அதே மாதிரி இன்னொன்று வாங்கி, 40-ல் தனியாகத் துவைக்கிறேன். நட்டுபோல்ட்டு அண்ணன் சொன்ன மாதிரி கையை விட்டுப் பார்த்தேன், நிஜமாகவே ஒரு தொப்பை! வடித்துவிட்டு ஸ்பின் போட்டால் மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சின்ன பேட் போட்ட பிறகு அப்பா இரவில் என்னை எழுப்புவதில்லை. தானே உருவிப் போட்டுவிட்டு, புதியதை விரித்துப் படுத்துக்கொள்கிறார். காலையில் வாளியில் பேட் ஊறிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நேற்று மட்டும் கேட்டார்: "இப்ப அந்த மொடமொட சத்தம் இல்லையே, மெத்தையை மாத்திட்டியா?"

நட்டுபோல்ட்டு:

மகிழ்ச்சி. மெஷின் இவ்வளவு நாள் ஆடியிருக்கிறது, நான்கு காலும் சமமாக நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.