அசைலம் வாக்குமூலம் எழுதும்போது எங்கே சறுக்குகிறது?

வாக்குமூலத்தில் தேதியை எழுதும் முன், வேறு நாட்டில் தஞ்சம் (அசைலம்) கேட்டு வந்தவர் எந்த நாட்காட்டியில் சொல்கிறார் என்று கேளுங்கள். ஈரான்காரர்கள் சொல்லும் ஆண்டோடு 621 கூட்டினால் போதும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அங்கே ஆண்டு பிறப்பது மார்ச் 20, 21 வாக்கில். அதனால் 1402 தெய் மாதம் (அவர்களின் பத்தாவது மாதம்) 15 என்பது 2024 ஜனவரி 5. வெறுமனே 621 கூட்டினால் 2023 ஜனவரி என்று விழும். 2023 டிசம்பரில் கைதாகி அந்த ஜனவரி 5 அன்று வெளியே வந்தவர், இந்தக் கணக்கில் கைதாவதற்கு முன்பே விடுதலையாகிவிடுவார்! அதிகாரி இதைக் கணக்குப் பிழை என்று எண்ணமாட்டார், பொய் என்றே குறிப்பார். எத்தியோப்பிய ஆண்டும் அப்படித்தான்: செப்டம்பர் புத்தாண்டு முதல் டிசம்பர் வரை 7 கூட்டணும், ஜனவரியிலிருந்து 8. அவர் சொன்ன தேதியை அப்படியே எழுதி, பக்கத்தில் மாற்றிய தேதியைப் போடுங்கள். தேதி நினைவில்லை என்றால் "அறுவடை முடிந்த சமயம்" என்றே இருக்கட்டும். வற்புறுத்தி வாங்கிய தேதி நேர்காணலில் மாறிவிடும்.

—

மேலே சொன்னதோடு மொழியையும் பாருங்கள். குர்து மொழியில் குர்மாஞ்சி, சொரானி என்று வேறுபட்ட வகைகள் உண்டு. "குர்து மொழி" என்று மட்டும் குறித்தால், குர்மாஞ்சி பேசுபவருக்கு சொரானி மொழிபெயர்ப்பாளர் வந்து உட்காருவார். பாதி புரியாமலே தலையாட்டுவார்கள். உறவினரை மொழிபெயர்க்க விடவே கூடாது, கணவர் எதிரில் மனைவி பலவற்றைச் சொல்லமாட்டார். முழுவதையும் அவர் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. வந்திறங்கிய அன்று அதிகாரிகள் எடுத்த குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் பிழை இருந்தால் நேர்காணலுக்கு முன்பே, காரணத்தோடு எழுத்தில் திருத்துங்கள்.

—

"ஊரில் பிரச்சனை" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 1951 அகதிகள் உடன்படிக்கை கேட்பது ஐந்து காரணங்களில் ஒன்றை: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. "எனக்கு அரசியலே தெரியாது" என்பார்கள். துன்புறுத்துபவர் அவரை அரசியல் எதிரியாக நினைத்தாலே அந்தக் காரணத்தில் சேர்க்கலாம், அதற்கான கேள்வியைக் கேட்பது நம் வேலை.

போலி பாஸ்போர்ட்டில் வந்ததையும் மறைக்கச் சொல்லாதீர்கள். நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தெரிவித்து, தக்க காரணமும் காட்டுபவரை அப்படி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதே உடன்படிக்கையின் பிரிவு 31.

பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்று சொந்த நாட்டுத் தூதரகத்துக்கு அனுப்புவது பெரிய தவறு. ஊரிலுள்ள குடும்பத்துக்கு ஆபத்து வரலாம், அந்த அரசின் பாதுகாப்பையே நாடுகிறார் என்று கேஸும் திரும்பும்.