எபிகூரஸ்: ஒதுங்கி வாழ்ந்தவரா, ஓடி ஒளிந்தவரா?

கல்தச்சன்:
பழங்காலக் கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் என்றாலே எளிமையின் உருவம் என்று எழுதிவிடுகிறோம். ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றார், நண்பரிடம் கொஞ்சம் பாலாடைக்கட்டி கேட்டு எழுதினார், இருக்கட்டும். ஏதென்ஸில் அவர் தம் பள்ளி நடத்திய தோட்டத்தை வாங்கியது கி.மு. 306 வாக்கில். அலெக்சாண்டரின் தளபதிகள் கிரேக்க நகரங்களைப் பந்தாடிய காலம். அந்த நேரத்தில் 'அரசியல் வேண்டாம், யார் கண்ணிலும் படாமல் வாழ்' என்று போதித்தவரை ஞானி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெய்தல்:
அரசியல் என்ன செய்யும் என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை ஐயா. சாமோஸ் தீவில் குடியேறிய ஏதென்ஸ் குடும்பம் அவருடையது. அலெக்சாண்டர் இறந்த கையோடு அந்தக் குடியேறிகள் எல்லோரும் விரட்டப்பட்டார்கள். அப்போது அவர் இருபதைக்கூடத் தொடவில்லை.

அலெக்சாண்டரின் தளபதி ஒருவரின் மகனான டெமெட்ரியஸ் ஏதென்ஸை முற்றுகையிட்டபோது நடந்ததையும் பாருங்கள். கூரையிலிருந்து விழுந்த செத்த எலிக்காகத் தகப்பனும் மகனும் அடித்துக்கொண்ட பஞ்சம் அது. எபிகூரஸ் அவரைக்காய் விதைகளை எண்ணி எண்ணித் தம்மோடு இருந்தவர்களுக்குப் பங்கிட்டு உயிர் காத்தார். இதை எழுதிவைத்தவர் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். மறைந்து வாழும் கொள்கையைக் கண்டித்துத் தனி நூலே எழுதிய எதிராளி அவர். எதிராளியே சொல்வதால்தான் நான் இதை நம்புகிறேன்.

கல்தச்சன்:
விதைகள் கிடைத்தது தோட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு. வெளியே எலிக்கு அடித்துக்கொண்டவர்களுக்கு என்ன கிடைத்தது? அந்தத் தோட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். உதவியவர்களில் ஒருவரான மித்ரெஸ், லைசிமாக்கஸ் மன்னரின் நிதி அமைச்சர். அரசியலைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டே அரசியல்வாதியின் காசில் வாழ்வது எந்த நியாயம்? மீஸ் முதலிய அடிமைகளுக்கு விடுதலை கொடுத்ததும் உயிலில்தான். உயிரோடு இருந்த காலமெல்லாம் அவர்களை அடிமைகளாகவே வைத்திருந்தாரே!

இளவேனில்:
அடிமைகள் விஷயத்தில் கல்தச்சன் கேட்பது நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த மீஸ் அங்கே தத்துவம் பயின்றவர். அங்கே இருந்த லியோன்டியன் என்ற பெண், அரிஸ்டாட்டிலுக்குப் பின் அவர் பள்ளியை நடத்திய தியோஃப்ராஸ்டஸுக்கே மறுப்பு எழுதினார். அன்றைய ஏதென்ஸில் இதற்கு இடம் கொடுத்தது பெரிய காரியம்.

நெய்தல்:
மித்ரெஸ் பெயரை எடுத்ததால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் அவர் கைதானபோது, உதவி செய்யப் பிரேயஸ் துறைமுகத்துக்கு இறங்கிப் போனவர் எபிகூரஸின் நெருங்கிய நண்பர் மெட்ரோடோரஸ். பதவி போனவனிடம் யார் போய் நிற்பார்கள்? சொத்துகளைப் பொதுவில் போட்டு வைப்பதைக்கூட எபிகூரஸ் ஏற்கவில்லை. அது ஒருவரையொருவர் நம்பாதவர்கள் செய்யும் ஏற்பாடு என்றார். கேட்டால் நண்பன் தருவான் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தோட்டமே நின்றது.

கல்தச்சன்:
நட்பை நான் குறை சொல்லவில்லை. அது மதிலோடு நின்றுவிட்டது என்பதே என் வழக்கு. சீசரைக் கொன்ற காசியஸும் எபிகூரஸைப் பின்பற்றியவர்தான். குடியரசைக் காக்க நினைத்தபோது அவர் குருவின் சொல்லை மீற வேண்டியிருந்தது.

நெய்தல்:
மீறவில்லை. ஏதாவது குறுக்கிட்டு வரவழைத்தாலொழிய ஞானி அரசியலுக்குள் போகமாட்டான் என்பதே எபிகூரஸ் சொன்னதாக ரோமத் தத்துவஞானி செனெகா தரும் வாசகம். அந்த 'ஒழிய' என்ற வாசல் திறந்துதான் இருந்தது. காசியஸ் அதன் வழியாகவே போனார். அவர் செய்த கொலை சரியா என்பது வேறு வழக்கு. அதில் நான் உங்கள் பக்கம் நிற்கவும் கூடும்.