‘இரண்டாம் உலகம்’: மூன்று தடவை, மூன்று பேரோடு

செல்வராகவனின் ‘இரண்டாம் உலகம்’ 2013 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை வெளியானது. நான் போனது ஞாயிற்றுக்கிழமை மேட்னி, மதுரையில். அப்பா பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்காக செல்போனில் அலாரம் வைத்திருப்பேன். அன்றைக்கு நண்பன் விடவில்லை. "மாப்ள, மூணு மணி நேரம் வெளிய வா, ஒண்ணும் ஆகாது" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தார்.

அவன் ஹாரிஸ் ஜெயராஜ் பாட்டுக்காக வந்தவன். ‘கனிமொழியே’தான் அப்போது அவனுடைய ரிங்டோன். பாட்டு ஹாரிஸ், பின்னணி இசை அனிருத் என்று இடைவேளைக்கு முன்பே எனக்குப் பாடம் எடுத்துவிட்டான். நான் படத்தைப் பற்றி எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ரம்யாவாக வரும் அனுஷ்கா, தானே போய் மது என்ற பெயரில் வரும் ஆர்யாவிடம் காதலைச் சொல்கிறாள். அவன் வேண்டாம் என்கிறான். காரணம், வீட்டில் உடம்புக்கு முடியாத அப்பா. அவரைப் பார்த்துக்கொள்ள அவனை விட்டால் ஆள் இல்லை.

தியேட்டரில் யாரோ விசில் அடித்தார்கள். எனக்குக் கை சில்லிட்டுப் போனது. அந்த வருடம் ஒருத்தியிடம் நானும் அதே பதிலைச் சொல்லியிருந்தேன். அதற்குள் சட்டைப்பையில் அலாரம் அதிர்ந்தது. அணைத்துவிட்டு உட்கார்ந்தேன், ஆனால் அடுத்த அரை மணி நேரம் திரையில் என்ன ஓடியது என்று இன்றைக்கும் தெளிவாக நினைவில்லை.

அப்புறம் ரம்யா எதிர்பாராமல் இறந்துவிட, கதை மொத்தமாக அந்த இன்னொரு உலகத்துக்குப் போனது. காதலே இல்லாத, அதனால் பூவே பூக்காத உலகம். அங்கேயும் அதே இரண்டு முகம், மறவனும் வர்ணாவும். ஜார்ஜியா மலைக்காட்சிகள் வந்தபோது அமைதியாக இருந்த கூட்டம், கிராபிக்ஸ் சிங்கம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தது. வெளியே வந்து நண்பன் சொன்னது: "பாட்டு பத்துக்குப் பத்து, படம் பத்துக்கு மூணு." அவன் சொன்ன குறைகள் பலவும் சரிதான். அரசனின் படை பத்து நாடகக்காரர்கள் மாதிரி இருந்தது. அம்மா என்று கும்பிடப்படும் தெய்வப்பெண் யார், எங்கிருந்து வந்தாள் என்று கடைசிவரை பிடிபடவில்லை. நான் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவைப் புரட்டிப் போட்டு முதுகில் பவுடர் தடவியபோது, அந்தப் பூக்காத ஊர்தான் கண்ணில் நின்றது.

அப்பா 2015இல் போனார். கடைசி மூன்று மாதம் அவருக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. என்னைத் தெரிந்தது, பக்கத்து வீட்டு அக்காவைக்கூடத் தெரிந்தது. கஞ்சி கொண்டுபோகும் அம்மாவை மட்டும் "யார் வீட்டு ஆள்?" என்று குழறலாகக் கேட்பார்.

இரண்டாவது தடவை பார்த்தது கல்யாணம் ஆகி ஒரு வருடம் கழித்து, மனைவியோடு. நான் வேண்டாம் என்று சொன்ன அந்த ஒருத்தி இவள்தான், காத்திருந்தாள். இரண்டாம் உலகத்தைப் பற்றி அவள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ரம்யாவைப் பற்றித்தான் பேசினாள். "ஒரு பொண்ணு தானா போய்க் கேட்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்கு ஒரு ‘வேண்டாம்’ வந்தா அன்னைக்கு ராத்திரி எப்படி இருக்கும்னும் தெரியாது" என்றாள். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை ஒரு பொங்கல் லீவில். அக்கா மகள் காலேஜ் படிக்கிறாள், அவளும் அம்மாவும் நானும். மறவன் சிங்கத்தைக் கொன்று அதன் தோலோடு வந்து நிற்க, அரசன் வர்ணாவை அவனுக்குக் கட்டிவைக்கும் இடத்தில் அக்கா மகள் எழுந்தே விட்டாள். "மாமா, அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? இதுக்குப் பேர் காதலா?" நியாயமான கோபம். படத்தை எவ்வளவு பிடித்தாலும் இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. வர்ணா அதற்கு அடங்கிப் போகவில்லை, அரசன்மீதே பாய்கிறாள், காட்டுக்குத் துரத்தப்படுகிறாள், காதல் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் இயக்குநர் அதை வைத்திருக்கிறார் என்றேன். "அப்படின்னா அவனையே ஹீரோவா ஏன் காட்டணும்?" என்று கேட்டாள். இப்போதும் எங்கள் வாட்ஸ்அப்பில் இந்தச் சண்டை முடியவில்லை. இந்த வயதுப் பெண்கள் படத்தை இப்படிப் பார்ப்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவ’னை வந்தபோது திட்டியவர்கள் பிறகு தலையில் தூக்கி வைத்தார்கள். இதற்கு அந்த அளவுக்கு நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

அம்மா அன்றைக்குப் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் மது மூன்றாவதாக ஓர் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயும் அதே முகத்தைப் பார்ப்பான் இல்லையா, அது முடிந்ததும் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் அடுப்படியில் பால் பொங்கி வரும் நேரத்தில், என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தப் பையன் அவளைக் கண்டுபிடிச்சுட்டான், சரி. அவளுக்கு இவனைத் தெரியணுமேடா?"